டங்ஸ்டன் ஏலம் ரத்து, அரிட்டாபட்டி வல்லூறு தப்பிச்சாச்சு! அரூர் மலைகளின் கணக்கு என்ன?

உங்கள் போனை சைலன்ட்டில் போட்டால் 'விர்ர்ர்' என்று அதிருமே, அதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ஒரு குட்டி மோட்டார். அந்த மோட்டாரோடு ஒரு துளி எடை ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த எடைக்குப் பெரும்பாலும் டங்ஸ்டனைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமான உலோகம் அது. அதனால் இத்துனூண்டு துண்டு போதும், போன் மேசையை விட்டே நகர்ந்து போகும் அளவுக்கு அதிரும்.

இந்த உலோகத்துக்காகத்தான் 2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் 2,015 ஹெக்டேர், அதாவது சுமார் 5,000 ஏக்கர் நிலப்பரப்பு ஏலத்தில் போனது. அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். கிராம சபைத் தீர்மானங்கள், கடையடைப்பு, மதுரையை நோக்கிய பேரணி, சட்டமன்றத் தீர்மானம். கடைசியில் 2025 ஜனவரி 23 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது. ரீல்ஸில் பட்டாசு வெடித்தது, நாமும் ஹார்ட் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டோம்.

ஆனால் அந்தச் சண்டை முழுக்க ஒரு பெயர் ஓரமாகவே வந்து வந்து போனது. ஷாஹீன் வல்லூறு. 'அரிய வகைப் பறவைகள் வாழும் பகுதி' என்று செய்தியில் ஒரு வரி வரும், அதோடு சரி. அந்த ஒரு வரியை இப்போது கொஞ்சம் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஏனென்றால் அரிட்டாபட்டியில் நடந்தது தருமபுரிக்காரர்களுக்கும் பாடம் வைத்திருக்கிற கதை. அரூர் பக்கம் இருப்பவர்கள் கூடுதலாகவே கவனிக்க வேண்டிய கதை.

காகம் சைஸ், ரேஸ் கார் வேகம்

உலகத்திலேயே வேகமான உயிரினம் எது என்று கேட்டால் பாதிப் பேர் சிறுத்தை என்பார்கள். தரையில் ஓடினால் சரி. ஆனால் வானத்திலிருந்து இரையை நோக்கிப் பாயும் பொரி வல்லூறின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் மூக்குக்குள் காற்று அடித்தால் மூச்சு முட்டும் இல்லையா? அதற்காக மூக்குத் துளைக்குள் ஒரு சின்ன முளை இருக்கிறது, உள்ளே பாயும் காற்றை அதுதான் தணித்து அனுப்புகிறது என்பது பறவையியலாளர்கள் தரும் விளக்கம்.

இந்த இனத்துக்கு அன்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் சொந்தக்காரர்கள் உண்டு. நம் ஊருக்கு இரண்டு வகை வருகிறது. ஒன்று விருந்தாளி: வடக்கே ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குப் பயந்து இங்கே வந்து சில மாதம் தங்கிப் போவது. செல்போன் டவர், உயரமான தண்ணீர்த் தொட்டி என்று உட்கார்ந்து புறாவை நோட்டம் விடுவது பெரும்பாலும் இதுதான். இன்னொன்று நிரந்தரக் குடிமகன்: அதுதான் ஷாஹீன். முதுகு கரும்சாம்பல், வயிறு செம்மண் நிறம், உருவம் ஏறக்குறைய காகம் அளவு. இந்தியா, இலங்கையை ஒட்டிய பகுதிகளிலேயே பிறந்து, இங்கேயே குஞ்சு பொரித்து, இங்கேயே வாழ்ந்து முடிப்பது.

இதில் ஒரு வேடிக்கை. ஷாஹீனுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் சுன்டேவால் என்ற ஸ்வீடன் நாட்டு விலங்கியலாளர், வருடம் 1837. அவர் கைக்குக் கிடைத்தது இலங்கைக்கும் சுமத்ராவுக்கும் நடுவே, நடுக்கடலில் ஒரு கப்பலில் பிடிபட்ட இளம்பறவை. அதனால் 'அலைந்து திரிபவன்' என்ற அர்த்தத்தில் பெயர் வைத்துவிட்டார். எங்கேயும் போகாத வீட்டுப் பறவைக்கு ஊர்சுற்றி என்று பெயர்! பையன் ஒரு தடவை டூர் போனதைப் பார்த்துவிட்டு ஊரே பட்டப்பெயர் வைத்த மாதிரி.

முக்கியமான விஷயம் இதன் வீடு. வல்லூறு குச்சி பொறுக்கிக் கூடு கட்டாது. செங்குத்தான பாறையில், மழையும் வெயிலும் நேராக அடிக்காத ஒரு திட்டு வேண்டும். அங்கே கொஞ்சம் மண்ணோ சரளையோ இருந்தால் நெஞ்சால் அழுத்தி, காலால் கீறி ஒரு சின்னக் குழி போடும். அதில் மூன்று நான்கு முட்டை. அவ்வளவுதான் அதன் இன்டீரியர் டிசைன். நரியும் பாம்பும் மனிதனும் சுலபமாக எட்ட முடியாத உயரம், எதிரே தடையில்லாத திறந்தவெளி, அந்த வெளியில் பறக்கிற புறா, மைனா, கிளி. இது மூன்றும் அமைந்த இடம் கிடைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் அதே திட்டுக்குத் திரும்பத் திரும்ப வரும்.

சர்ச் கோபுரத்தில் வாடகை இல்லாத வீடு

வெளிநாட்டில் இந்தப் பறவை இப்போது செம ஃபேமஸ். இங்கிலாந்தின் சால்ஸ்பரி பேராலயம் 13-ம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் கூம்புக் கோபுரம் 123 மீட்டர், அந்த நாட்டிலேயே உயரமானது. அதில் 2014-ல் பொரி வல்லூறு குஞ்சு பொரித்தது, 1953-க்குப் பிறகு முதல்முறையாக. டெர்பி நகரப் பேராலயத்தில் அதற்கும் முன்பே, 2006-ல், வல்லூறுக்காகவே ஒரு மேடை அமைத்துக் கொடுத்தார்கள். பிறகு கேமராவும் வைத்துவிட்டார்கள். முட்டையை அடைகாப்பதை ஆபீஸில் உட்கார்ந்து லைவில் பார்க்கிற கூட்டம் அங்கே உண்டு. நியூயார்க்கில் பாலங்களிலும் வானளாவிய கட்டடங்களிலும் ஜோடி ஜோடியாகக் குடியிருக்கின்றன.

'அட, அங்கே எவ்வளவு நல்லா பார்த்துக்கிறாங்க' என்று உடனே பெருமூச்சு விட வேண்டாம். அழிவின் விளிம்பு வரை கொண்டுபோனதும் அவர்கள்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வயல்களில் கொட்டிய டி.டி.டி. பூச்சியிலிருந்து சின்னப் பறவைக்கும், சின்னப் பறவையிலிருந்து வல்லூறுக்கும் ஏறியது. முட்டை ஓடு மெலிந்துபோனது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டை உடைந்தது. 1960-களின் நடுவில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே, இனப்பெருக்கம் செய்கிற ஒரு ஜோடிகூட இல்லை. 1972-ல் அங்கே டி.டி.டி-க்குத் தடை வந்தது. டாம் கேட் என்ற பறவையியலாளர் 1970-ல் தொடங்கிய அமைப்பும் அதன் கூட்டாளிகளும் கூண்டில் வளர்த்த ஆயிரக்கணக்கான குஞ்சுகளைக் கட்டட உச்சிகளிலும் பாறைகளிலும் வைத்துப் பறக்க விட்டார்கள். 1999-ல்தான் அமெரிக்காவின் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீங்கியது. மொத்தம் முப்பது வருட வேலை. (நம் நாட்டில் விவசாயத்துக்கு டி.டி.டி. தடை 1989-ல்தான் வந்தது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கிற பொதுச் சுகாதார வேலைக்கு அதன்பிறகும் அனுமதி தொடர்ந்தது.)

அந்த வல்லூறுகளுக்குப் பேராலயம் ஏன் பிடிக்கிறது? பக்தியெல்லாம் இல்லை. உயரமான கல் சுவர், அதில் திட்டு, கீழே புறாக் கூட்டம், மேலே ஏறி யாரும் தொந்தரவு பண்ணாத அமைதி. அதன் கண்ணுக்கு அது மனிதன் கட்டிய மலை. விஷயம் முடிந்தது.

நம்ம ஊரில் மலையே கோயில்

இங்கே நம் கதை அப்படியே தலைகீழ். 'நம்ம கோபுரத்திலும் வல்லூறு கூடு வைக்குமா?' என்று கேட்கத் தோன்றும். கோபுரத்தில் சுதை பொம்மைகளுக்கு இடையில் இருக்கிற பொந்தையெல்லாம் புறாவும் கிளியும் ஏற்கெனவே பட்டா போட்டு வைத்திருக்கின்றன. அதற்கு மேல் ஃபோகஸ் லைட், திருவிழா வேட்டு, கும்பாபிஷேகம் வந்தால் சாரம். ஷாஹீனுக்கு இதெல்லாம் ஒத்துவராத சங்கதி. அதற்கு அசல் பாறைதான் வேண்டும்.

ஆனால் நம் ஊரில் அசல் பாறை என்பது வெறும் பாறையாக இருப்பது அபூர்வம். அரிட்டாபட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு குன்றுகள். அதில் 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான தமிழ் பிராமிக் கல்வெட்டு. சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள். பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயில், அங்கே தமிழ்நாட்டில் அரிதாகக் கிடைக்கும் லகுலீசர் சிற்பம். குன்றுகளிலிருந்து வழியும் நீரைத் தேக்கும் ஏரிகளும் சுனைகளும். இந்தக் குன்றுகளின் வானத்தில்தான் ஷாஹீன் வல்லூறு, லகர் வல்லூறு, ராஜாளி என்று மூன்று பெரிய வேட்டைப் பறவைகள் பறக்கின்றன. சுமார் 250 பறவை இனங்கள் பதிவாகியிருக்கும் இடத்தில் இந்த மூன்றையும் தனியாகப் பெயர் சொல்லித்தான் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் அரிட்டாபட்டியை மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

அங்கே சர்ச்சில் மனிதன் கட்டிய சுவரைப் பறவை மலையாக நினைத்துக்கொண்டது. இங்கே மலையை மனிதன் கோயிலாகவும் பள்ளியாகவும் கல்வெட்டாகவும் ஆக்கிக்கொண்டான், பறவை அதன்பாட்டுக்கு மேல்மாடியில் இருந்தது. இலங்கையில் சிகிரியா இதற்கு இன்னொரு உதாரணம். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் கோட்டை எழுப்பிய, கிட்டத்தட்ட 200 மீட்டர் உயரப் பாறை. வருடம் முழுக்க டூரிஸ்ட்டுகள் வரிசையில் ஏறிக்கொண்டே இருக்கும் அந்தப் பாறையின் செங்குத்து முகத்தில் ஷாஹீன் கூடு வைக்கிறது. சிங்கப் பாதத்துக்கு முன்னால் செல்ஃபி எடுப்பவர்களில் எத்தனை பேர் மேலே பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பேராலயத்துச் சுவர் இடிந்தால் திரும்பக் கட்டலாம், கட்டுகிற வரைக்கும் பறவைக்கு ஒரு பெட்டி வைத்துக்கொடுக்கலாம். குன்று உடைந்தால் என்ன பண்ணுவது? மேலூர் சுற்றுவட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் தின்ற குன்றுகளைப் பார்த்தால் விடை தெரியும். அந்த முறைகேடுகளை விசாரிக்க 2014-ல் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தை உயர் நீதிமன்றம் நியமித்ததெல்லாம் இப்போது கல்லூரியில் இருப்பவர்களுக்குப் பழைய செய்தி. பச்சைத் தண்ணீர் தேங்கிய குழிகள் மட்டும் இன்னும் அப்படியே கிடக்கின்றன.

ஒரு மலைக்கு எத்தனை அளவு டேப்?

டங்ஸ்டன் விவகாரத்தில் நான் முக்கியமாக நினைப்பது ரத்தான நாளை அல்ல, அதற்கு ஒரு மாதம் முந்தைய ஓர் அறிவிப்பை. 2024 டிசம்பர் 24 அன்று சுரங்க அமைச்சகம் ஒரு யோசனை சொன்னது. ஏலத்தில் போன பரப்பில் பல்லுயிர்த் தலம் சுமார் 193 ஹெக்டேர், பத்தில் ஒரு பங்குதான். அதை மட்டும் கழித்துவிட்டு எல்லையைத் திருத்த முடியுமா என்று பார்க்கும்படி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் கேட்டிருக்கிறோம் என்பது அதன் சாரம்.

மேலோட்டமாகக் கேட்டால் நியாயமாகத் தெரியும். பறவை இருக்கிற இடத்தை விட்டாச்சே, அப்புறம் என்ன?

அங்கேதான் சிக்கல். வல்லூறு அந்த 193 ஹெக்டேருக்குள் தூங்கும், முட்டையிடும். சாப்பாட்டுக்கு எங்கே போகும்? குன்றைச் சுற்றி இருக்கிற வயலுக்கும் ஏரிக்கும். அங்கே பறக்கிற சின்னப் பறவைகள்தான் அதன் சமையலறை. நம்முடைய படுக்கையறையை மட்டும் விட்டுவிட்டு வீட்டின் மற்ற பகுதியில் ஜேசிபி விடுவேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா? குன்றிலிருந்து வழிகிற தண்ணீர் ஏரிக்குப் போகும், ஏரியிலிருந்து வயலுக்குப் போகும், வயலுக்குத் தானியம் தின்ன வருகிற பறவையைத் தேடி வல்லூறு வரும். இதில் எந்த இடத்தில் கோடு கிழிப்பது?

தொல்லியல் சட்டமும் ஒரு டேப் வைத்திருக்கிறது. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம் என்றால் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதைத் தாண்டி 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. கல்வெட்டுக்கு அது பாதுகாப்பு, மறுக்கவில்லை. ஆனால் கல்வெட்டு அசையாமல் இருக்கும். உயிருள்ள எதற்கும் 300 மீட்டர் என்பது வாசல்படி. மாநிலத் தொல்லியல் துறை, வனத் துறை, சுரங்கத் துறை என்று ஒவ்வொன்றும் தனித்தனி டேப்போடு வந்து ஒரே மலையை அளந்துவிட்டுப் போகின்றன. நான்கு அளவும் நான்கு ஃபைலில் கிடக்கும். ஏலம் என்று வரும்போது எந்த ஃபைலை யார் பிரித்துப் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி. 2022-ல் மாநில அரசு பாரம்பரியத் தலம் என்று அறிவித்த நிலம், இரண்டே வருடத்தில் ஏலப் பட்டியலுக்குள் வந்து உட்கார்ந்தது என்றால் ஃபைல்கள் ஒன்றோடொன்று பேசவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். டங்ஸ்டன் தேவையில்லாத உலோகம் கிடையாது. போனின் அதிர்வு மட்டும் இல்லை, பாறையைத் துளைக்கிற டிரில் முனை, ராணுவத் தளவாடம் என்று வரிசை நீளும். உலக உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவிடம் இருக்கிறது, இந்தியா இறக்குமதியை நம்பி இருக்கிறது. 'உள்நாட்டிலேயே தேடுவோம்' என்று ஒரு அரசு நினைப்பதில் தப்பு இல்லை. எங்கே தேடுவது, அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதை ஏலத்துக்கு முன்னால் பார்ப்பதா, போராட்டத்துக்குப் பின்னால் பார்ப்பதா என்பதில்தான் தகராறு.

அரூர் பக்கம் வருவோம்

2023-ல் மத்திய அரசு 30 கனிமங்களை 'முக்கியக் கனிமங்கள்' என்று பட்டியல் போட்டது. லித்தியம், கோபால்ட் எல்லாம் உண்டு. டங்ஸ்டன் உண்டு. மாலிப்டினமும் உண்டு. அதே வருடம் ஆகஸ்டில் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு, 24 முக்கியக் கனிமங்களுக்கான ஏலத்தை நடத்தும் அதிகாரம் மத்திய அரசின் கைக்குப் போனது. டங்ஸ்டன், மாலிப்டினம் இரண்டும் அந்த 24-க்குள் வருகின்றன. முன்பு மாநில அரசு நடத்த வேண்டிய ஏலம் இப்போது டெல்லியில் நடக்கிறது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக் என்ற பெயரில் அரிட்டாபட்டி ஏலத்துக்கு வந்தது இந்தக் கதவு வழியாகத்தான்.

மாலிப்டினம் எஃகுக்கு உறுதி கூட்டுகிற உலோகம். அது இருப்பதாக நீண்டகாலமாகப் பதிவான இடங்களில் ஒன்று, தருமபுரி மாவட்டம் அரூர்.

பதற வேண்டாம். நாளைக்கே அரூரில் ஏலம் என்று நான் சொல்லவில்லை. சொல்வது இவ்வளவுதான்: அரிட்டாபட்டிக்குத் திறந்த அதே சட்டக் கதவு அரூருக்கும் பொருந்தும். அது தவிர இன்னொரு கதவு எப்போதோ திறந்தாகிவிட்டது. பென்னாகரம், அரூர், பாலக்கோடு வட்டாரங்களில் உயர்தரக் கருப்பு கிரானைட் இருக்கிறது. தருமபுரியின் சொத்து என்று பெருமையாகச் சொல்லப்படுவதும் அதுதான். கிரானைட் சிறுகனிமம் என்பதால் அந்த அனுமதி மாநில அரசின் வேலை. ஆக, ஒரு குன்றுக்கு இரண்டு வாசல், இரண்டு வாசலுக்கும் இரண்டு அரசு.

தருமபுரி வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த மண்ணில் கல் என்பது சாதாரணம் இல்லை என்பது தெரியும். தகடூர் ஆண்ட அதியமான் பெயரில் இன்றும் அதியமான்கோட்டை இருக்கிறது. ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கும் புலியோடு சண்டை போட்டவனுக்கும் நட்ட நடுகற்கள் மாவட்டமெங்கும் கிடைத்திருக்கின்றன. தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் வரிசையாகப் பார்க்கலாம். அரூருக்குப் பக்கத்தில் தீர்த்தமலை, மலைமேல் கோயில், பாறையிலிருந்து விழும் தீர்த்தம். ஒகேனக்கல் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

நடுகல்லைத் தூக்கி மியூசியத்தில் வைத்துக் காப்பாற்றலாம். வல்லூறின் திட்டைத் தூக்க முடியாது. அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மொத்தக் குன்றும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளை 686 சதுர கிலோமீட்டர் அளவுக்கு வளைத்துப் பாதுகாக்கிறது. யானை வழித்தடத்துக்கு அது பெரிய பலம். ஆனால் சரணாலய எல்லைக்கு வெளியே, ஊருக்கு நடுவே, வயலுக்கு ஓரமாகத் தனித்தனியாக நிற்கிற மொட்டைக் குன்றுகளுக்கு? அரிட்டாபட்டிக் குன்றுகளும் அப்படிப்பட்டவைதான். காடு என்ற கணக்கில் வராது, கோயில் என்ற கணக்கில் பாதி வரும், 'தரிசு' என்ற கணக்கில் மட்டும் சுலபமாக வந்துவிடும்.

பதிவேட்டில் பெயர் இருக்கா?

அரிட்டாபட்டி ஜெயித்ததற்குக் காரணம் கூட்டம் என்று சொல்வோம். கூட்டம் நிச்சயமாக முக்கியம். மக்கள் ரோட்டுக்கு வராமல் இருந்திருந்தால் கதை வேறு. ஆனால் அந்தக் கூட்டத்தின் கையில் பேப்பர் இருந்தது. உள்ளூர்க்காரர்களும் பறவை ஆர்வலர்களும் பல வருடம் காமிராவும் பைனாகுலருமாக அலைந்து சேர்த்த பறவைப் பட்டியல். தொல்லியல் ஆர்வலர்கள் படியெடுத்த கல்வெட்டுகள். அதையெல்லாம் வைத்து வந்த 2022 அரசு அறிவிப்பு. ஏலத்தை ரத்து செய்த அமைச்சகமும் பல்லுயிர்த் தலத்தையும் பாரம்பரியத்தையும் காரணமாகக் குறிப்பிட வேண்டி வந்தது. 'எங்க ஊர் மலை அழகா இருக்கும் சார்' என்பது மட்டும் கையில் இருந்திருந்தால் அந்த வரி வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

இதற்கான கருவி உங்கள் ஊராட்சியிலேயே இருக்கிறது. பல்லுயிர் பாதுகாப்புச் சட்டம், 2002 ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழு ஊர் மக்களிடம் கேட்டு 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' தயாரிக்க வேண்டும். ஊரில் என்ன மரம், என்ன மீன், என்ன பறவை, எந்த மூலிகையை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று எல்லாமே அதில் வரலாம். வருடக்கணக்காக இது தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. கெடு வைத்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அசைன்மென்ட்டைக் கடைசி ராத்திரியில் எழுதி முடிப்பது மாதிரி, நாடு முழுக்கப் பதிவேடுகள் படபடவென்று நிரம்பின. உங்கள் ஊர்ப் பதிவேட்டில் உங்கள் ஊர்தான் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் திறந்து பார்க்க வேண்டும்.

வல்லூறு விஷயத்தில் இளைஞர்கள் பண்ணக்கூடிய வேலை ஒன்று உண்டு, அதற்கு ட்ரெக்கிங் ஷூகூட வேண்டாம். தென்னிந்தியாவில் ஷாஹீன் கூடு வைக்கும் காலம் ஏறக்குறைய டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அந்த மாதங்களில் காலையில், செங்குத்துப் பாறை முகம் இருக்கிற குன்றைத் தூரத்திலிருந்து பாருங்கள். பாறையில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியது போல வெள்ளைக் கோடு வழிந்திருந்தால், அதற்கு மேலே ஏதோ ஒரு பறவை வழக்கமாக உட்காருகிறது. அது அதன் எச்சம். ஆந்தையாகவும் இருக்கலாம், கழுகாகவும் இருக்கலாம், வல்லூறாகவும் இருக்கலாம். 'கெக்-கெக்-கெக்' என்று விடாமல் கத்திக்கொண்டு, கூரான இறக்கையோடு ஏதாவது சுற்றினால் நீங்கள் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். பின்னால் வந்துவிடுங்கள். தேதி, நேரம், இடம், எத்தனை பறவை என்று குறித்துக்கொள்ளுங்கள். போனில் எடுத்த மங்கலான படமாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு சீசன் குறிப்பு வெறும் தகவல். நாலு சீசன் குறிப்பு ஆவணம்.

ட்ரோன் மட்டும் வேண்டாம், ப்ளீஸ். மலைக்கோயில் ரீல்ஸுக்கு ட்ரோன் ஷாட் செமையாக இருக்கும், புரிகிறது. ஆனால் கூட்டுக்கு முன்னால் வந்து ரீங்காரம் போடும் ஒன்றை வல்லூறு எதிரியாகத்தான் பார்க்கும். அடையிலிருந்து எழுந்து அதைத் துரத்தப் போகும். அந்த நேரத்தில் முட்டையோ, பொரித்த குஞ்சோ வெயிலில் கிடக்கும். கூடு இருக்கும் இடத்தை லொகேஷனோடு போஸ்ட் பண்ணுவதும் அதே ரகம். வல்லூறுக் குஞ்சுக்கு வேட்டைப் பழக்குபவர்களிடம் காலங்காலமாகக் கள்ளச்சந்தை இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கிற அதே அட்டவணையில், பொரி வல்லூறும் இருக்கிறது. லைக்ஸுக்காகக் கூட்டைக் காட்டிக்கொடுத்து வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

குறித்து வைத்ததை எங்கே கொடுப்பது? தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீபாவளியை ஒட்டி வந்ததால் 2024-ன் நவம்பர் 1 கூட்டம் 23-ம் தேதிக்குத் தள்ளிப்போனது. அன்றைக்குத்தான் மேலூர் பக்கத்துக் கிராமங்கள் டங்ஸ்டனுக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. அடுத்த கிராம சபைக்கு நீங்கள் போனால் எழுந்து நின்று கேட்க வேண்டியது இரண்டே கேள்விதான். நம்ம ஊர் பல்லுயிர்ப் பதிவேடு எங்கே இருக்கு, யார்கிட்ட இருக்கு? அதில் நம்ம குன்றைப் பற்றி எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கு?